மின்சாரக் காரில் தேவையில்லாத பிரேக்கும் ஓயாத கடகடப்பும்: அறிகுறியை வைத்துப் பிழை நீக்கும் வழி

கோவையில் எங்கள் குடியிருப்பில் இப்போது ஏழு மின்சாரக் கார்கள் நிற்கின்றன. அதில் முதலில் வந்தது என்னுடையது. இரண்டு வருடம் ஆகப்போகிறது. புதிதாக வண்டி எடுத்தவர்கள் முதல் மாதம் சார்ஜ் பற்றித்தான் கேட்பார்கள். மூன்றாவது மாதத்தில் கேள்வி மாறிவிடும். "சும்மா போய்க்கிட்டு இருக்கும்போது தானா பிரேக் பிடிக்குதுங்க." "பின்னாடி எங்கேயோ கடகடன்னு சத்தம், சர்வீஸ்ல விட்டும் போகலைங்க." இந்த இரண்டு புகாரையும் என் வண்டியிலும் பக்கத்து வீட்டார் வண்டிகளிலும் பார்த்துப் பார்த்து எனக்கென்று ஒரு வரிசை உருவாகிவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எந்த மாடல் என்று பிரித்துச் சொல்லவில்லை. முன் கண்ணாடியில் கேமராவும் பம்பரில் ரேடாரும் வைத்து, தேவைப்பட்டால் தானாக பிரேக் பிடிக்கவும் லேன் விலகாமல் பார்த்துக்கொள்ளவும் செய்யும் "டிரைவர் உதவி" வசதி உள்ள வண்டி எதுவானாலும் பார்க்கும் முறை ஒன்றுதான். திரையில் மெனுவின் பெயர் மட்டும் மாறும். ஒவ்வொரு அறிகுறியிலும் செலவே இல்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன், கடைசியில் செலவு பிடிப்பது. நடுவில் குறை தீர்ந்துவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: காற்றழுத்தம் பார்க்கும் கருவி, டார்ச், நல்ல மைக்ரோஃபைபர் துணி, பசை ஒட்டிய ஃபெல்ட் துணி டேப் ஒரு சுருள், ரப்பருக்குப் போடும் சிலிகான் கிரீஸ், பெயின்டர்கள் ஒட்டும் மாஸ்கிங் டேப், சாதாரண மல்டிமீட்டர். இவற்றோடு ஒரு சின்ன நோட்டு அல்லது போனில் ஒரு குறிப்பு. ஒவ்வொரு முறை குறை வரும்போதும் நேரம், இடம், வேகம், வெயிலா மழையா என்பதை எழுதி வையுங்கள். பாதிக் குறைகளுக்கு இந்தக் குறிப்பே விடை சொல்லிவிடும்.

## "டிரைவர் உதவி தற்காலிகமாகச் செயல்படாது" என்று திரையில் வந்தால்

எப்போது வந்தது என்பதைப் பார்த்துவிட்டு, பொருந்தும் கிளைக்குப் போங்கள்.

### மழையிலோ எதிர் வெயிலிலோ வந்து தானாகப் போய்விட்டால்

இது பழுது இல்லை. சாயங்காலம் ஐந்தரை மணிக்குக் கோவையிலிருந்து வாளையார் பக்கம் ஓட்டிப் பாருங்கள், சூரியன் நேராகக் கேமராவின் கண்ணில் இறங்கும். நமக்கே கண் கூசும் நேரத்தில் அதற்கும் கோடு தெரியாது. கனமழையிலும் அப்படித்தான். எச்சரிக்கை வந்தால் நாமே ஓட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனால் மழை நின்று பத்து நிமிடம் ஆகியும் போகவில்லை என்றால் வைப்பரைப் பாருங்கள். ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால், கேமரா பார்க்கிற உள்ளங்கை அகல இடத்தில் வைப்பர் கோடு விட்டுத் துடைக்கிறதா? அப்படியானால் வைப்பர் ரப்பரை மாற்றினால் போதும். கோத்தகிரி, ஊட்டியில் காலையில் வந்தால் உள் பக்கம் ஆவி படிந்திருக்கும். முன் கண்ணாடிக்கு ஏசி காற்றைத் திருப்பி ஐந்து நிமிடம் விடுங்கள். புது வண்டியை வெயிலிலேயே நிறுத்துகிறவர்களுக்கு இன்னொன்று: உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கிலிருந்து கிளம்பும் ஆவி, கண்ணாடியின் உள் பக்கத்தில் எண்ணெய்ப் படலம் போல ஒட்டும். இரவில் எதிர் வண்டியின் வெளிச்சம் பரவித் தெரிந்தால் இதுதான். கண்ணாடியைத் துடைக்கலாம். கேமராவின் மூடியை மட்டும் நீங்களாகக் கழற்றாதீர்கள்.

### நல்ல வெளிச்சத்தில், காய்ந்த ரோட்டில் வந்தால்

எதுவோ மறைக்கிறது. கேமராவுக்கு நேரே ஃபாஸ்டாக் ஸ்டிக்கர் ஏறி நிற்கிறதா, புதிதாகப் போட்ட டேஷ்கேமின் வயர் தொங்குகிறதா, கண்ணாடி முழுக்க ஃபிலிம் ஒட்டியபோது கேமரா பகுதியை வெட்டிவிட மறந்தார்களா என்று பாருங்கள். டேஷ்போர்டு மேல் வெள்ளைத் துணியோ பளபளக்கும் விரிப்போ போட்டிருந்தால் அதன் பிம்பம் கண்ணாடியில் விழும். எடுத்துவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள்.

அப்புறம் முன் பக்கம். ரேடார் பெரும்பாலும் பம்பரின் கீழ் நடுவில் அல்லது முன் பக்கக் கம்பெனி முத்திரைக்குப் பின்னால் இருக்கும். மழைக்குப் பின் ஈசல் கூட்டத்தில் ஓட்டி வந்தால் அந்த இடம் முழுக்க ஒட்டியிருக்கும். செம்மண் சேறும் அப்படித்தான். ஈரத் துணி போதும்.

ஆயுத பூஜை அன்று எங்கள் வீட்டு வாசலில் வருடா வருடம் இது நடக்கிறது. பம்பரின் இரு பக்கமும் வாழைக்கன்று, முன் முத்திரையில் மாலை, கண்ணாடியிலும் பானெட்டிலும் சந்தனம் குங்குமம். அன்று மாலையே பார்க்கிங் சென்சார் ஓயாமல் கத்தும், ரேடார் மறைந்திருக்கிறது என்ற எச்சரிக்கை வரும். பூஜை செய்யாமல் இருக்க வேண்டியதில்லை. கன்றை நின்ற வண்டிக்குக் கட்டி, ஒரு சுற்று மெதுவாகப் போய் வந்ததும் அவிழ்த்துவிடுங்கள். சந்தனத்தைக் கேமராவுக்கு நேராக வைக்காமல் கண்ணாடியின் ஓரத்தில் வையுங்கள். காய்ந்த சந்தனத்தைச் சுரண்டாமல் தண்ணீர் விட்டு ஊறவைத்துத் துடைக்க வேண்டும். சென்சார் வட்டத்தில் நகக் கீறல் விழுந்தால் பெயின்ட் உரியும்.

முன்னால் கம்பி போட்ட பம்பர் கார்டு, குரோமியப் பட்டை, பெரிய அலங்கார கிரில் எதுவும் ரேடாருக்கு முன்னால் கூடாது. கம்பிக் கார்டு போட்ட வண்டிகள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2017 இறுதியிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. கழற்றி வீட்டில் வையுங்கள்.

### பிரேக், ஸ்டீயரிங், டிரைவர் உதவி என்று பல விளக்குகள் ஒன்றாக வந்தால்

இதைப் பார்த்ததும் பெரிய பேட்டரி போய்விட்டது என்று பலர் பதறுவார்கள். நான் முதலில் சந்தேகப்படுவது சின்ன 12 வோல்ட் பேட்டரியை. கம்ப்யூட்டர், லாக், திரை எல்லாம் இந்தச் சின்ன பேட்டரியில்தான் விழிக்கின்றன. அது சோர்ந்தால் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தனித்தனியாகப் புகார் சொல்லும்.

வண்டியை ஓரம் கட்டி அணைத்து, பூட்டி, சாவியோடு கால் மணி நேரம் தள்ளிப் போய்விடுங்கள். திரும்பி வந்து போட்டால் எல்லாம் சரியாகி, அப்புறம் வரவே இல்லை என்றால் குறித்து வைத்துவிட்டு ஓட்டலாம். மறுபடி வந்தால் மல்டிமீட்டர். இரவு முழுக்க நின்ற வண்டியில், சாதாரண ஈய பேட்டரி 12.6 வோல்ட் பக்கம் காட்டினால் நலம், 12.2 என்றால் பாதி காலி. 12-க்குக் கீழே என்றால் மாற்றும் நேரம் வந்திருக்கலாம். பிறகு வண்டியை ஓடத் தயாரான நிலைக்குக் கொண்டுவந்து பாருங்கள்; எண் 13-ஐத் தாண்டி ஏற வேண்டும். சில வண்டிகளில் இந்தச் சின்ன பேட்டரியும் லித்தியம் வகையாக இருக்கும். அதற்கு ஓய்வு நிலை எண்களே வேறு, கையேட்டைப் பாருங்கள்.

ஓய்வில் குறைவு, ஓடும்போது ஏறுகிறது என்றால் இரவெல்லாம் எதுவோ உறிஞ்சுகிறது. நிறுத்தியிருக்கும்போதும் பதிவு செய்யும் டேஷ்கேம்தான் நான் அதிகம் பார்த்த காரணம். ஒரு வாரம் கழற்றி வையுங்கள். ஓடும்போதும் எண் ஏறவே இல்லை என்றால் பெரிய பேட்டரியிலிருந்து சின்னதற்கு மின்சாரம் தரும் கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை. அதோடு நெடுந்தூரம் கிளம்பாதீர்கள், சர்வீஸுக்குச் சொல்லிவிடுங்கள். உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிற ஒயர் எதையும் எந்தக் காரணத்துக்காகவும் நாம் தொடக்கூடாது.

### கண்ணாடி மாற்றிய பிறகோ பம்பர் வேலைக்குப் பிறகோ தொடங்கியிருந்தால்

இதில் வீட்டில் செய்ய எதுவும் இல்லை. கேமரா பார்க்கும் கோணம் இம்மி அளவு மாறினாலும் தூரத்தில் அது ஒரு லேன் அகலத்துக்கு மாறிவிடும். அளவீடு செய்து பொருத்த வேண்டும். பின் பம்பரில் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்திருந்தால், மூலையில் உள்ள ரேடார் அந்தத் தடித்த பூச்சைத் தாண்டிச் சரியாகப் பார்க்காது. பக்கத்தில் வண்டி இருந்தும் பக்கக் கண்ணாடியில் எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என்றால் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

## காலியான ரோட்டில் கார் தானாக பிரேக் போட்டால்

மற்ற எதைவிடவும் மக்களைப் பயமுறுத்துவது இது. பயம் நியாயமானதும்கூட: நமக்குப் பின்னால் பத்தடியில் ஒரு பைக் ஒட்டிக்கொண்டு வருகிற நாடு இது.

முதல் கேள்வி: அப்போது குரூஸ் (நாம் வைத்த வேகத்தையும் முன் வண்டியோடு இடைவெளியையும் தானாகப் பார்த்துக்கொள்ளும் வசதி) ஓடிக்கொண்டிருந்ததா, இல்லையா?

### குரூஸ் போட்டிருந்தபோது மெதுவாக வேகம் குறைந்தால்

வளைவில் நடந்ததா? வளைவில் நமக்கு நேர் முன்னே தெரிவது பக்கத்து லேன் லாரியாக இருக்கும். ரேடார் அதை நம் வழியில் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். சேலம் சாலையில் அவினாசி தாண்டி நீண்ட வளைவுகளில் எனக்கு இது பலமுறை நடந்திருக்கிறது. வளைவுக்கு முன் ஆக்சிலரேட்டரில் லேசாகக் கால் வைத்திருந்தால் போதும், அது பிரேக்கை விட்டுவிடும்.

பைக் குறுக்கே நுழைந்து போய்விட்ட பிறகும் வேகம் ஏறாமல் தயங்குகிறதா? முன் வண்டிக்கு இடைவெளியை நீளமாக வைத்திருப்பீர்கள். நம் ஊரில் அந்த இடைவெளி அடுத்தவருக்கு விட்ட இடம். ஒரு படி குறையுங்கள், ஆனால் மிகக் குறைந்ததற்குப் போக வேண்டாம்.

போலீஸ் தடுப்புகளை வளைத்து வளைத்து வைத்திருக்கும் ஊர் விலக்குகள், டோல்கேட், நடுவில் தடுப்பில்லாத இருவழிச் சாலை: இங்கெல்லாம் குரூஸையே அணைத்துவிடுங்கள். நீலாம்பூரிலிருந்து மதுக்கரை போகும் பைபாஸில் எதிரே ஓவர்டேக் செய்து வரும் பஸ் நம் லேனுக்குள் பாதி இருக்கும். அதை ஒரு கணினி எப்படிப் புரிந்துகொள்ளும் என்று சோதித்துப் பார்க்கும் இடம் அதுவல்ல.

காலையில் சார்ஜ் நூறு சதவீதம் இருக்கும்போது மட்டும் பிரேக் பிடிப்பு வேறு மாதிரி இருந்தால், அது ரீஜென். பேட்டரி நிறைந்திருந்தால் வேகத்தை மின்சாரமாக்கி உள்ளே அனுப்ப இடமில்லை, அதனால் காலைத் தூக்கியதும் கிடைக்கும் பிடிப்பு குறையும். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனதும் பழையபடி ஆகும். இதே காரணத்துக்காகத்தான் ஊட்டியில் முழு சார்ஜ் ஏற்றிக்கொண்டு உடனே மேட்டுப்பாளையம் இறங்கக் கூடாது.

### குரூஸ் இல்லாமலே, எச்சரிக்கை ஒலியோடு பலமாகப் பிடித்தால்

அவசர பிரேக் வேலை செய்திருக்கிறது. உடனே மெனுவில் போய் அதை நிரந்தரமாக அணைக்கச் சொல்லித்தான் எல்லோரும் ஆலோசனை தருவார்கள். நான் அதற்கு உடன்படவில்லை. எங்கள் தெருவில் பந்தைத் துரத்திக் குறுக்கே ஓடி வந்த பையன் முன்னால் என் வண்டி நின்றது. என் கால் பிரேக்குக்குப் போவதற்குள் அது பிடித்திருந்தது. ஆகவே அணைப்பதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

எச்சரிக்கை தரும் தூரத்தை "சீக்கிரம்" என்பதிலிருந்து "நடுத்தரம்" அல்லது "தாமதம்" என்று மாற்றுங்கள். நெரிசலில் வரும் வீண் எச்சரிக்கைகளில் பெரும்பகுதி இதில் போய்விடும். அடுத்து, ரேடார் இருக்கும் இடத்தில் பம்பர் உள்ளே அமுங்கியிருக்கிறதா, கிளிப் விட்டிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். பார்க்கிங்கில் யாரோ ரிவர்ஸ் எடுக்கும்போது இடித்துவிட்டுச் சொல்லாமல் போயிருக்கலாம். பிறகு சாஃப்ட்வேர் புதுப்பிப்பு ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்று பார்த்து, வீட்டு வைஃபையில் ஏற்றுங்கள்.

எப்போது சர்வீஸ்? ஒரே இடத்தில், ஒரே இரும்புப் பாலத்துக்கடியில் இரண்டு முறை வந்தால் அந்த இடத்தின் குணம். குறித்து வைத்துக் கவனமாகக் கடந்து போகலாம். வெவ்வேறு காலி ரோடுகளில் மூன்று முறை வந்தால் ரேடாரின் கோணத்தைப் பரிசோதிக்கச் சொல்ல வேண்டும். அதுவரை அந்த வண்டியை நெடுஞ்சாலையில் நம்பாதீர்கள். வேண்டுமானால் அந்த நாட்களுக்கு மட்டும் அவசர பிரேக்கை அணைத்து வைக்கலாம்.

இதற்கு நேர் எதிரான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நல்ல வேகத்தில் போகும்போது, அசையாமல் நிற்கும் பொருளைப் பல வண்டிகளின் ரேடார் ஒதுக்கிவிடும். இல்லையென்றால் ஒவ்வொரு கைகாட்டிப் பலகைக்கும் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும். ஆகவே ராத்திரி நெடுஞ்சாலையில் பின் விளக்கில்லாமல் நிற்கும் லாரிக்கு வண்டி தானாக நின்றுவிடும் என்று எண்ணவே கூடாது. அது பழுதும் அல்ல, சர்வீஸில் சரி செய்யக்கூடியதும் அல்ல.

## ஸ்டீயரிங் நம் கையை மீறி இழுத்தால்

லேன் உதவியை மெனுவில் அணைத்துவிட்டு, சமமான நேர் ரோட்டில் ஓட்டிப் பாருங்கள். இதிலேயே வழி இரண்டாகப் பிரிந்துவிடும்.

### அணைத்ததும் இழுப்பு நின்றுவிட்டால்

இண்டிகேட்டர் போடாமல் லேன் மாறுகிறீர்களா என்று நேர்மையாகப் பாருங்கள். போட்டால் அது இழுக்காது. பாதிப் புகார் இதோடு முடிந்தது.

மீதிப் பாதி ரோட்டின் குறை. சாலை வேலை நடக்கும் இடத்தில் பழைய கோட்டை அழிக்காமல் புதுக் கோடு போட்டிருப்பார்கள், கேமரா இரண்டையும் மாறி மாறிப் பிடிக்கும். வெடிப்பில் ஊற்றிய தார் மாலை வெயிலில் பளபளத்தால் அதுவும் கோடாகத் தெரியும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது கிணத்துக்கடவு, பல்லடம், உடுமலைப் பக்கம் வண்டியைக் காற்று ஓரத்துக்குத் தள்ளும், லேன் உதவி திரும்ப இழுக்கும், கைக்கு ஒரு சண்டை போலத் தெரியும். அந்தப் பயணத்துக்கு மட்டும் "எச்சரிக்கை மட்டும்" என்ற நிலையில் வைத்துக்கொள்ளுங்கள். சில வண்டிகள் அணைத்து எடுத்ததும் பழைய நிலைக்கே திரும்பிவிடும். ஸ்டீயரிங்கில் உள்ள விருப்பப் பட்டனுக்கு இதை ஒதுக்கி வைத்தால் ஒவ்வொரு முறையும் மெனு தேட வேண்டாம்.

### அணைத்த பிறகும் இழுத்தால்

கேமராவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நான்கு டயரிலும் காற்றைக் காலையில், ஓடாத வண்டியில், கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுப்படி வையுங்கள். சரியாகவில்லை என்றால் முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள் (ஒரே திசையில் மட்டும் சுழலும் டயராக இல்லாத பட்சத்தில்). இழுப்பு எதிர்ப் பக்கம் போனால் டயர், அதே பக்கம் இருந்தால் வீல் அலைன்மென்ட். வெளியில் டயர் கடையில் அலைன்மென்ட் செய்வதாக இருந்தால், ஸ்டீயரிங் கோண சென்சாரைப் பூஜ்யத்தில் நிறுத்த அவர்களிடம் கருவி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் ஸ்டீயரிங் நேராகிவிடும், லேன் உதவி கோணலாகிவிடும்.

### கை வைத்திருந்தும் "ஸ்டீயரிங்கைப் பிடிக்கவும்" என்றால்

பல வண்டிகள் தொடுதலை அல்ல, திருகும் விசையைத்தான் உணர்கின்றன. ஒரு கையைப் பக்கவாட்டில் வைத்து அதன் எடையை லேசாகத் தொங்கவிட்டால் போதும். தொடுதலை உணரும் வகை என்றால், கடையில் தைத்துப் போட்ட தோல் உறைதான் காரணம், பிரித்துவிடுங்கள். தண்ணீர் பாட்டிலைச் செருகி ஏமாற்றும் வித்தையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

## பார்க்கிங் சென்சார் ஒன்றுமில்லாமல் அலறினால்

துடையுங்கள். பிறகும் அலறினால் ரிவர்ஸில் போட்டு, ஹேண்ட்பிரேக் பிடித்து, வீட்டில் ஒருவரைப் பிரேக்கில் கால் வைத்து உட்காரச் சொல்லிவிட்டு ஒவ்வொரு சென்சார் மேலும் விரலை வையுங்கள். நல்ல சென்சார் மெல்ல டிக் டிக் என்று துடிக்கும். துடிக்காதது போய்விட்டது. அல்லது பம்பருக்குள் பிளக் விட்டிருக்கும். இது சின்னச் செலவுதான்.

## உள்ளே கடகடவென்று சத்தம் வந்தால்

இன்ஜின் சத்தம் இல்லாத வண்டியில் பத்துப் பைசா நாணயம் உருண்டாலும் கேட்கும். பழைய டீசல் வண்டியிலும் இதே சத்தங்கள் இருந்தன, கேட்கவில்லை. அதற்காக எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. தேடும் வரிசை தவறினால் காசும் போகும், வண்டியும் கெடும் என்பதற்காகச் சொல்கிறேன்.

என் வண்டியில் வலது பின் பக்கம் நான்கு மாதம் சத்தம் இருந்தது. சர்வீஸில் இரண்டு முறை கதவுப் பேடைப் பிரித்தார்கள், ஒரு முறை பின் சஸ்பென்ஷனின் மேல் மவுண்டை மாற்றினார்கள். சத்தம் போகவில்லை, கூடவே கதவில் இரண்டு கிளிப் உடைந்து அங்கிருந்து புதிதாக ஒன்று சேர்ந்துகொண்டது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி பின் சீட்டில் உட்கார்ந்து, சாயும் பலகையை முதுகால் அழுத்தியபோது சத்தம் நின்றது. சீட் மாட்டும் இரும்பு வளையத்தில் இரண்டு சுற்று துணி டேப். அவ்வளவுதான். அன்றிலிருந்து யார் வண்டியானாலும், எதையும் பிரிப்பதற்கு முன் கீழே உள்ளதைச் செய்யச் சொல்கிறேன்.

வண்டியைக் காலி செய்யுங்கள். கதவுப் பையில் பாட்டில், கையுறைப் பெட்டியில் சாவி, மூக்குக் கண்ணாடிக் கூடு, டேஷ்போர்டில் பிள்ளையார், டிக்கியில் கையடக்கச் சார்ஜர், ஜாக்கி, பஞ்சர் கிட், பின் திரைப் பலகை எல்லாம் வெளியே. டயர் காற்றை அளவுக்குக் கொண்டுவாருங்கள். புது வண்டி ஒன்றில் 44 பிஎஸ்ஐ இருந்தது, கதவில் எழுதியிருந்தது 36. குறைத்ததும் பாதி சத்தம் காணோம். பிறகு ஒரே வேகத்தில் ஒரே ரோட்டில் ஓட்டுங்கள். அவினாசி சாலையில் 2025 அக்டோபரில் திறந்த ஜி.டி. நாயுடு மேம்பாலம் இதற்கு எனக்கு மிகவும் பிடித்த இடம்: பத்து கிலோமீட்டர், ஒரே சீரான இணைப்புகள், குறுக்கே யாரும் வர மாட்டார்கள். நீங்கள் ஓட்டுங்கள், இன்னொருவர் பின்னால் உட்கார்ந்து கையால் ஒவ்வொன்றாக அழுத்தட்டும். ஓட்டிக்கொண்டே தேடாதீர்கள்.

### சின்னக் குலுக்கலில் பொடிப்பொடியாகக் கடகடத்தால்

யாரும் உட்காராத சீட்டின் பெல்ட் நாக்கு தூணில் தட்டுகிறதா? பெல்ட்டை மாட்டிவிட்டுப் பாருங்கள். தலை வைக்கும் குஷனின் கம்பிகள், பின் சீட்டின் பூட்டு, கையுறைப் பெட்டியின் மூடி, வெளியே நம்பர் பிளேட். பிளேட்டுக்குப் பின்னால் ஃபெல்ட் துண்டு வைத்தால் போதும்; உயர் பாதுகாப்புப் பிளேட்டின் பூட்டை மட்டும் உடைக்காதீர்கள்.

பின் கதவிலிருந்து வந்தால் அதன் இரு மூலையிலும் உள்ள ரப்பர் குமிழ்களைப் பாருங்கள். பலவற்றைத் திருகி உயரம் கூட்டலாம். இரண்டையும் சமமாக ஒரு சுற்று வெளியே திருகுங்கள். கதவு மூடக் கொஞ்சம் இறுக்கம் தெரிந்தால் அளவு சரி.

### ஒரு பக்கச் சக்கரம் மட்டும் ஏறும்போது முனகினால்

வீட்டு வாசல் சரிவில் குறுக்காக ஏறும்போது ரப்பரும் பெயின்ட்டும் உரசும் சத்தம் இது. கதவு பீடிங்கைத் துடைத்து, சிலிகான் கிரீஸை விரலில் எடுத்து மெல்லியதாகத் தடவுங்கள். துரு நீக்கும் பெட்ரோலிய ஸ்ப்ரேயை அடிக்காதீர்கள், ரப்பர் ஊதிவிடும். சன்ரூஃப் இருந்தால் அதன் ஓர ரப்பருக்கும் இதே வைத்தியம்.

### வெயிலில் நின்ற பிறகு டேஷ்போர்டு டிக் டிக் என்றால்

ஏசி போட்டதும் சூடான பிளாஸ்டிக் சுருங்குகிறது. பத்து நிமிடத்தில் அடங்கினால் விட்டுவிடுங்கள். அடங்காமல் ஓரிடத்தில் நின்றால், அழுத்திக் கண்டுபிடித்து இடுக்கில் ஃபெல்ட்டை நுழைக்கலாம். முன் கண்ணாடித் தூண், கூரை ஓரம், ஏர்பேக் எழுத்து உள்ள பகுதி ஆகியவற்றில் அட்டையோ பேப்பரோ திணிக்கவே கூடாது. ஏர்பேக் விரியும்போது அது எங்கே பறக்கும் என்று யாருக்கும் தெரியாது. அந்த இடங்கள் சர்வீஸ் ஆட்களுக்கு மட்டும்.

### வேகத்தடையில் கீழிருந்து டொக் என்றால்

வண்டி நேராக, இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறும்போது அமைதி, ஒரு பக்கம் குழியில் இறங்கும்போது மட்டும் டொக் என்றால் ஸ்டெபிலைசர் லிங்க் ராட். நிறுத்திய வண்டியில் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பும்போது டங் என்று ஸ்பிரிங் துள்ளினால் ஸ்ட்ரட் மவுண்ட். பிரேக்கை லேசாகத் தொட்டதும் சத்தம் நின்றால் பிரேக் பேட் ஆடுகிறது. மூன்றும் உத்தரவாதக் காலத்தில் கேட்டு மாற்ற வேண்டியவை, வெளியில் பார்க்க வேண்டாம்.

படபடவென்று அடித்தால் டார்ச் அடித்துக் கீழே பாருங்கள்; பிளாஸ்டிக் தடுப்பின் ஒரு போல்ட் விழுந்திருக்கும். பேட்டரிப் பெட்டியின் அடியில் ஜாக்கி வைத்துத் தூக்காதீர்கள். கல்லிலோ உயரமான வேகத்தடையிலோ அடி இடித்த பிறகு சத்தம் தொடங்கியிருந்தால் வேறு எதையும் பரிசோதிக்காமல், சார்ஜும் போடாமல், நேராக சர்வீஸுக்குப் போன் செய்யுங்கள். எரிந்த வாடை, திரையில் பேட்டரி எச்சரிக்கை, கீழே ஈரம் என்று ஏதாவது இருந்தால் ஓட்ட வேண்டாம், தூக்கிச் செல்லும் வண்டியை வரச் சொல்லுங்கள்.

### எண்பதுக்கு மேல் விசில் அடித்தால்

கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். தடையே இல்லாமல் வந்துவிட்டால் அங்கே ரப்பர் உட்காரவில்லை. எல்லாப் பக்கமும் தாள் பிடித்தால், கண்ணாடி விளிம்பு, பக்கக் கண்ணாடியின் அடி, கூரைக் கம்பி என்று ஒவ்வொன்றாக மாஸ்கிங் டேப் ஒட்டி ஓட்டிப் பாருங்கள். எதை ஒட்டியதும் விசில் நின்றதோ அதுதான் இடம். டேப்போடே சர்வீஸுக்குக் கொண்டு போய்க் காட்டுங்கள்.

வண்டியை எழுப்பும்போது டக் என்ற ஒரு ஒலி, சார்ஜ் ஏறும்போது ஃபேன் இரைச்சல், நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் பம்ப் ஓடுவது, மெதுவாகப் போகும்போது வெளியே வரும் ரீங்காரம்: இவை குறைகள் அல்ல.

## சர்வீஸுக்குப் போகும்போது

"சத்தம் வருது" என்று சொன்னால் ஜாப் கார்டில் அதையே எழுதுவார்கள். "காலி வண்டி, 36 பிஎஸ்ஐ, 30 கி.மீ. வேகம், இடது முன் சக்கரம் மட்டும் குழியில் இறங்கும்போது ஒரு டொக்" என்று எழுதச் சொல்லுங்கள். அட்வைசரோடு நிறுத்தாமல், வேலை செய்யப் போகிறவரை உங்கள் பக்கத்தில் உட்காரவைத்து அந்தச் சத்தத்தை ஒரு முறை கேட்க வையுங்கள். பிரிப்பதற்கு முன் என்னைக் கேளுங்கள் என்று எழுதி வாங்கலாம். டிரைவர் உதவிக் குறை என்றால் பதிவான பிழைக் குறியீடுகளின் நகலைக் கேளுங்கள். "குறியீடு எதுவும் இல்லை" என்றால் அதையும் கார்டில் எழுதச் சொல்லுங்கள், அடுத்த முறை உதவும்.

முன் கண்ணாடி உடைந்து காப்பீட்டில் மாற்றுவதாக இருந்தால், கேமரா அளவீட்டுக்கான கட்டணம் மதிப்பீட்டில் சேர்ந்திருக்கிறதா என்று வேலை தொடங்கும் முன்பே பாருங்கள். கண்ணாடி மட்டும் மாற்றி, "ஓட்ட ஓட்டத் தானாகச் சரியாகிவிடும்" என்பார்கள். சில வண்டிகளில் உண்மையிலேயே ஓட்டித்தான் அளவீடு செய்வார்கள், ஆனால் அதையும் கருவியை இணைத்துத் தொடங்கி, முடிந்தது என்று பதிவு வர வேண்டும். அந்தப் பதிவின் தாளைக் கையில் வாங்கிய பிறகு வண்டியை எடுங்கள்.